வகுப்பறையும் வெண்திரையும்: ஐக்கிய அமெரிக்கக் கல்லூரிகளில் திரைப்படம் காட்டும் உரிமை வளர்ந்த வரலாறு

ஒரு கவிதையை வகுப்பிலே வாய்விட்டுப் படித்துக் காட்டும் விரிவுரையாளர் அதற்கென எவரிடமும் அனுமதி கோருவதில்லை. கவிஞர் உயிரோடிருப்பினும், நூல் பதிப்புரிமைக்கு உட்பட்டதாயினும், அவ்வாறு கோரவேண்டும் என்ற எண்ணமே அவருக்குத் தோன்றுவதில்லை. ஓவியமொன்றின் படியைச் சுவரிலே தொங்கவிட்டு அதன் கோடுகளையும் வண்ணங்களையும் விளக்குபவரின் நிலையும் அதுவே. ஆனால் அதே விரிவுரையாளர் திரைப்படமொன்றை மாணவருக்குக் காட்ட முற்படுவாராயின், "அனுமதி பெற்றாயிற்றா?" என்ற வினா உடனே எழுகின்றது. நிருவாகம் கேட்கின்றது, நூலகர் கேட்கின்றார், சில வேளைகளில் விரிவுரையாளரே தம்மைத் தாம் கேட்டுக்கொள்கின்றார். ஒரு கலைக்கு இல்லாத இக்கட்டுப்பாடு மற்றொரு கலைக்கு மாத்திரம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பது ஆராயத்தக்கது. படத்தொழிலின் மிகப் பெரிய நிறுவனங்களும், திரைப்படத்தைக் கல்வித்துறையாக முதன்முதல் ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகங்கள் சிலவும் ஒரே நாட்டில் எதிரெதிராக நின்றமையால், ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இதற்குச் சிறந்த சான்றாக அமைகின்றது.

திரைப்படம் தோன்றிய காலத்தில் சட்டத்துக்கு அதன் பெயரே தெரியாது. எடிசனின் நிறுவனமும் ஏனையோரும் தம் படங்களைப் புகைப்படங்களாகவே பதிவுசெய்தனர். முழுப் படச்சுருளையும் காகிதத்தில் அச்சிட்டுக் காங்கிரஸ் நூலகத்தில் ஒப்படைக்கும் வழக்கமும் இருந்தது. (செலுலோயிட் சுருள்கள் அழிந்தொழிந்த பின்னர் இக்காகிதச் சுருள்களிலிருந்தே பல தொடக்ககாலப் படங்கள் மீட்கப்பட்டன. ஆவணக் காப்பகம் செய்யவேண்டிய வேலையைப் பதிவு அலுவலகம் தன்னையறியாமலே செய்துவைத்தது எனலாம்.) ஒரு படத்திலுள்ள ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியே பதிவுசெய்யவேண்டியதில்லை, முழுப் படமும் ஒரே புகைப்படமாகக் கருதப்படலாம் என எடிசனுக்கும் லூபினுக்கும் இடையிலான வழக்கில் 1903இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 1911இல் 'பென்ஹர்' நாவலை அனுமதியின்றிப் படமாக்கிய கேலம் நிறுவனத்தின் வழக்கில், படமாக்குவதும் நாடகமாக்குவதே என உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் ஹோம்ஸ் தீர்ப்பு எழுதினார். 1912ஆம் ஆண்டின் திருத்தமே திரைப்படத்தைத் தனியொரு படைப்பு வகையாகச் சட்டப் புத்தகத்தில் ஏற்றியது.

'நாடகம்' என்ற இவ்வகைப்படுத்தல் பிற்காலக் கல்வியாளருக்கு ஒரு வில்லங்கமாயிற்று. 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இசைக்கு ஒரு நீதியையும் நாடகத்துக்கு வேறொரு நீதியையும் வகுத்திருந்தது. இசையைப் பொறுத்தவரை, இலாபத்துக்காகப் பொதுவிலே நிகழ்த்துவது மட்டுமே உரிமையாளரின் தனியுரிமை. எனவே பாடசாலையில் இலவசமாகப் பாடுவோருக்கு அச்சமில்லை. நாடகத்துக்கோ இலாபம் என்ற எல்லைக்கோடே இடப்படவில்லை. திரைப்படம் நாடகத்தின் பக்கம் வைத்து எண்ணப்பட்டதனால், "நாம் பணம் வாங்கவில்லை, படிப்பிக்கின்றோம்" என்ற விடை சட்டத்தின் முன் எடுபடுமா என்பது ஐயத்துக்குரியதாகவே இருந்தது.

எனினும் அக்காலத்தில் உண்மையான தடையாக நின்றது சட்டம் அன்று. படச்சுருள் யார் கையில் இருந்தது என்பதே தடையாயிற்று. நூலை விலைக்கு வாங்கலாம். படத்தை வாங்க இயலாது. படநிறுவனங்கள் பிரதிகளை வாடகைக்குக் கொடுத்துத் திரும்பப் பெற்றனவேயன்றி விற்கவில்லை. 35 மில்லிமீற்றர் நைத்திரேற்றுச் சுருள் எளிதில் தீப்பற்றக் கூடியது. அதனைத் திரையிடத் தீக்காப்புடைய தனியறை வேண்டும். 1923இல் கொடாக் நிறுவனம் தீப்பற்றாத 16 மில்லிமீற்றர் சுருளை அறிமுகம் செய்த பின்னரே சாதாரண வகுப்பறையில் எறிகருவியை வைக்கும் வாய்ப்புப் பிறந்தது. அதுவரை திரைப்படக் கல்வி என்பது படத்தைப் பார்க்காமலே படத்தைப் பற்றிப் பேசுவதாகவே பெரும்பாலும் இருந்தது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1915இல் விக்ரர் ஃபிரீபேர்க் படக்கதை எழுதும் கலையைக் கற்பிக்கத் தொடங்கினார். ஹாவாட் வணிகக் கல்லூரியில் 1927இல் ஜோசப் கென்னடி படத்தொழில் அதிபர்களை அழைத்து விரிவுரைகள் ஆற்றுவித்தார். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1929இல் திரைக்கலைக் கழகத்தின் ஒத்துழைப்போடு ஒரு பாடநெறி ஆரம்பமாயிற்று. இவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் தொழிலதிபரின் தயவில் நடந்தவை என்பது கவனிக்கத்தக்கது. சேக்ஸ்பியரைக் கற்பிக்க நாடகக் கொட்டகைச் சொந்தக்காரரின் தயவு எவருக்கும் வேண்டியிருக்கவில்லை.

பேசும்படம் வந்ததும் நிலைமை மேலும் மோசமாயிற்று. ஊமைப்படங்கள் ஓரிரு ஆண்டுகளிலே வியாபாரப் பெறுமதியை இழந்தன. கொட்டகைகள் அவற்றைத் திரையிடவில்லை. நிறுவனங்கள் அவற்றைப் பேணவுமில்லை. பத்தாண்டுகளுக்கு முன்னர் உலகமே வியந்து பார்த்த படமொன்றை 1930களின் தொடக்கத்தில் ஒரு மாணவன் பார்க்க விரும்பினால் அதற்கு வழியில்லை. இந்த வெறுமையை முதலில் உணர்ந்து செயற்பட்டவர் ஐரிஸ் பாரி என்ற பெண்மணி. இங்கிலாந்தில் பத்திரிகைகளுக்குத் திரைப்பட விமரிசனம் எழுதி, இலண்டன் திரைப்படச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவராக விளங்கிப் பின்னர் நியூயோர்க் சென்ற அவர், நவீன கலை அரும்பொருளகத்தில் 1935இல் நிறுவப்பட்ட திரைப்பட நூலகத்தின் பொறுப்பாளரானார். அவருடைய கணவர் ஜோன் அபெற் அதன் பணிப்பாளர். பணம் ரொக்பெல்லர் மன்றத்திடமிருந்து கிடைத்தது. ஆனால் பணத்தால் மட்டும் படங்களைப் பெறமுடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் இருவரும் ஹொலிவூட் சென்றனர். நடிகை மேரி பிக்ஃபோட்டின் மாளிகையில் படவுலகப் பிரமுகர்கள் கூட்டப்பட்டனர். அவர்கள் முன்னிலையில் தொடக்ககாலப் படங்களின் பகுதிகள் காட்டப்பட்டன. தமது தொழிலின் இளமையைத் திரையிலே கண்ட அம்மனிதருக்கு, அது அழிந்துகொண்டிருக்கின்றது என்பது அன்றுதான் உறைத்தது போலும். சட்டவாதத்தினால் அன்றி, நினைவைத் தூண்டிவிட்டே பாரி தம் காரியத்தைச் சாதித்தார். ஆயினும் அதிபர்கள் அதிபர்களே. உடன்பாடுகளின் நிபந்தனைகள் இறுக்கமாக இருந்தன. படத்தின் உரிமை நிறுவனத்திடமே இருக்கும். பிரதியெடுக்கும் செலவு அரும்பொருளகத்தினுடையது. வணிகமல்லாத கல்வித் தேவைக்கு மட்டுமே படம் காட்டப்படலாம். கொட்டகைத் தொழிலுக்குப் போட்டியாக அமையலாகாது. இந்நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தயாரிக்கப்பட்ட படத் தொகுதிகள் 1936 முதல், பாரி எழுதிய குறிப்புகளோடு, கல்லூரிகளுக்கும் அரும்பொருளகங்களுக்கும் சிறு வாடகைக்கு அனுப்பப்பட்டன. அமெரிக்கக் கல்லூரி மாணவர் திரைப்பட வரலாற்றைத் தம் கண்ணாலே கண்டு கற்கத் தொடங்கியது இவற்றின் மூலமே என்பது மிகையன்று. எந்தப் படம் 'வரலாறு' ஆகும், எது ஆகாது என்ற தீர்மானமும் இவ்வழியே பிறந்தது. நிறுவனங்கள் இசைந்த படங்கள் பாடத்திட்டத்தில் ஏறின. பாரியின் இரசனைக்கு உகந்தவை காவியங்களாயின. அனுமதியின் வரலாறு இவ்வாறு பாடத்திட்டத்தின் வரலாறாகவும் அமைந்துவிடுகின்றது. இவ்வுண்மை பின்வந்த திரைப்பட வரலாற்று நூல்களிற் போதிய அளவு வற்புறுத்தப்படவில்லை.

இதே பத்தாண்டில் வேறொரு முயற்சியும் நடைபெற்றது. முற்போக்குக் கல்விச் சங்கத்தின் சார்பில் அலிஸ் கெலிஹர் தலைமையில் இயங்கிய குழுவினர், ஹொலிவூட் படங்களிலிருந்து சில பகுதிகளை வெட்டித் தொகுத்து, மாணவர் கலந்துரையாடலுக்குரிய சிறு படங்களாக்கினர். கும்பல் வன்முறையைச் சித்திரிக்கும் ஃபிறிற்ஸ் லாங்கின் 'ஃபியூரி' அவ்வாறு பயன்பட்டவற்றுள் ஒன்று. தயாரிப்பாளர் சங்கத்தின் தலைவர் வில் ஹேய்ஸ் இதற்கு இசைந்தார். 1938இல் 'ரீச்சிங் ஃபிலிம் கஸ்ரோடியன்ஸ்' என்ற அமைப்பும் நிறுவனங்களின் ஆதரவோடு உருவாயிற்று. அக்காலத்தில் ஹொலிவூட் ஒழுக்கக்கேட்டைப் பரப்புகின்றதென்று மதபீடங்களும் பெற்றோரும் கண்டித்துவந்தனர். பாடசாலைக்குச் சில துண்டுகளைத் தானம் செய்வது அக்கண்டனத்துக்கு ஒரு நல்ல மறுமொழியாக இருந்தது. தானம் என்ற சொல் இங்கு வேண்டுமென்றே கையாளப்படுகின்றது. கேட்பவர் கையேந்தி நிற்க, கொடுப்பவர் மனமிரங்கும்போது கிடைப்பது உரிமையாகாது.

இரண்டாம் உலகப்போரில் படையினரைப் பயிற்றுவதற்கு 16 மில்லிமீற்றர் எறிகருவிகள் பெருந்தொகையாக உற்பத்தியாயின. போருக்குப் பின் அவை பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் வந்து சேர்ந்தன. வாடகைப் பட நிறுவனங்கள் தழைத்தன. 1960களில் கல்லூரித் திரைப்படச் சங்கங்களும் பாடநெறிகளும் ஒன்றையொன்று வளர்த்தன. வாடகை ஒப்பந்தத்தில் அனுமதியும் அடங்கியிருந்தமையால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவ்வினா கூர்மையாக எழவில்லை. சுருளை வாடகைக்கு எடுத்தவர் உரிமையையும் சேர்த்தே எடுத்தார்.

1976 ஒக்டோபர் 19ஆம் தேதி ஜனாதிபதி ஃபோட் கைச்சாத்திட்டு, 1978 சனவரி முதலாந் தேதி நடைமுறைக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டமே இவ்வரலாற்றின் திருப்புமுனை. அது 'இலாபத்துக்காக' என்ற பழைய எல்லைக்கோட்டை அழித்தது. பொதுவில் நிகழ்த்தும் உரிமை இனி இலாப நோக்கைப் பொருட்படுத்தாது உரிமையாளரையே சாரும். இதனாற் கல்விக்கூடங்கள் இழந்ததை ஈடுசெய்யும் முகமாக 110ஆம் பிரிவின் முதலாவது உட்பிரிவு சேர்க்கப்பட்டது. இலாப நோக்கற்ற கல்வி நிறுவனத்தில், வகுப்பறையிலோ கற்பித்தலுக்கென உள்ள அதையொத்த இடத்திலோ, நேருக்கு நேரான கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் நிகழ்த்தலாம், காட்டலாம். அது பதிப்புரிமை மீறலாகாது என அது விதித்தது. எவ்வளவு நீளம் என்ற வரையறை இல்லை. முழுப் படத்தையும் காட்டலாம். அனுமதி வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. திரைப்படத்துக்கு மாத்திரம் ஒரு மேலதிக நிபந்தனை விதிக்கப்பட்டது. காட்டப்படும் பிரதி சட்டவிரோதமாகச் செய்யப்பட்டதாய் இருந்து, காட்டுபவர் அதனை அறிந்தோ, அறியத்தக்க காரணம் இருந்தோ காட்டினால் இப்பாதுகாப்புக் கிட்டாது.

சட்டத்தோடு வெளியான பிரதிநிதிகள் சபையின் அறிக்கை இவ்வரிகளுக்கு விளக்கம் கூறுகின்றது. நூலகம், உடற்பயிற்சிக் கூடம், பெருமண்டபம் ஆகியவையும் வகுப்புக்காகப் பயன்படும் வேளையில் வகுப்பறையே. ஆசிரியரும் மாணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்பதில்லை. ஒரே பொதுவிடத்தில் ஒரே நேரத்தில் இருந்தாற் போதும். வருகை விரிவுரையாளரும் ஆசிரியரே. ஆனால் வெளியிலிருந்து அழைத்துவரப்படும் நடிகரும் பாடகரும் அவ்வாறாகார். பண்பாட்டுப் பெறுமதி எவ்வளவு இருப்பினும், பொழுதுபோக்குக்காகக் காட்டப்படுவது இவ்விலக்குக்குள் வராது. இறுதிக் கூற்று சிந்தனைக்குரியது. வியாழக்கிழமை பிற்பகல் வகுப்பிலே காட்டப்படும் குரோசாவாவின் படம் கல்வி. அதே படத்தை அன்றிரவு அதே மண்டபத்தில் மாணவர் திரைப்படச் சங்கம் காட்டினால் அதற்கு அனுமதி வேண்டும். படத்திலும் இடத்திலும் பார்ப்போரிலும் வேறுபாடு இல்லாமலிருக்கலாம். பாடநெறி என்ற ஒன்றே அவற்றைப் பிரிக்கின்றது. சட்டத்துக்கு எங்கேனும் ஒரு கோடு கிழித்தாகவேண்டும் என்பது உண்மையே. ஆயினும் கலையைக் கற்பவர் எவரும் இக்கோட்டை இயல்பானதென ஏற்கமாட்டார்.

இச்சட்டம் எழுதப்பட்ட காலத்திலேயே வீடியோ நாடா வந்துவிட்டது. நியூயோர்க் மாநிலத்து ஈரி மாவட்டத்தின் கல்விக் கூட்டுறவுச் சேவை வாரியம், தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிய கல்விப் படங்களைப் பதிவுசெய்து சேமித்து, பிரதியெடுத்துப் பாடசாலைகளுக்கு விநியோகித்து வந்தது. அப்படங்களை விற்றுவந்த பிரித்தானிக்கா கல்வி நிறுவனமும் வேறிரு நிறுவனங்களும் வழக்குத் தொடுத்தன. பெருமளவிலும் ஒழுங்குமுறையாகவும் நடந்த இப்பிரதியெடுப்பு நியாயமான பயன்பாடாகாது என 1982இல் தீர்ப்பாயிற்று. கல்விக்காகவே படம் எடுத்து விற்பவருக்குக் கல்விக்கூடமே சந்தை என்ற வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஹொலிவூட் அதிபரின் முறைப்பாட்டையும் சிறு கல்விப்படத் தயாரிப்பாளரின் முறைப்பாட்டையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது.

வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, காங்கிரஸ் உறுப்பினர் கஸ்ரன்மையரின் முயற்சியால் இரு தரப்பாரும் கூடிப் பேசி வகுத்த வழிகாட்டு விதிகள் 1981 ஒக்டோபரில் காங்கிரஸ் பதிவேட்டில் இடம்பெற்றன. தொலைக்காட்சியிலிருந்து பதிவுசெய்ததை 45 நாட்கள் வைத்திருக்கலாம். முதற் பத்துப் பாடசாலை நாட்களுள் வகுப்பில் ஒரு முறையும், மீட்டற்பயிற்சிக்காக மேலும் ஒரு முறையும் காட்டலாம். அதன்பின் ஆசிரியர் பரிசீலனைக்காக மாத்திரம் பார்க்கலாம். 45ஆம் நாள் கழிந்ததும் அழித்துவிடவேண்டும். இவை சட்டமல்ல, இணக்க விதிகளே. ஆனால் பல நிறுவனங்கள் இவற்றைச் சட்டம் போலவே கடைப்பிடித்தன. ஆகக் குறைந்த பாதுகாப்பாக வகுக்கப்பட்டது ஆகக் கூடிய எல்லையாக மாறிய விந்தையை இங்குக் காணலாம். வாடகை வீடியோ நாடாக்களின் தொடக்கத்தில் தோன்றும் "வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற எச்சரிக்கையும் இத்தகையதே. 110ஆம் பிரிவின் பாதுகாப்பை அவ்வரி நீக்கிவிடாது என்று அமெரிக்க நூலகச் சங்கத்தின் இதழில் 1986இல் சட்ட விளக்கம் வெளியாகிய பின்னரும் அச்சம் முற்றாக நீங்கவில்லை. எழுதிய சட்டத்தைப் படிப்போர் சிலர். திரையில் தோன்றும் எச்சரிக்கையைப் படிப்போர் எல்லோரும்.

1998ஆம் ஆண்டு வந்த எண்மியப் பதிப்புரிமைச் சட்டம் வேறொரு வகைப் பூட்டைக் கொண்டுவந்தது. டிவிடி தட்டுகளிலுள்ள மறைகுறியை உடைப்பதே குற்றம். உடைத்த பின் செய்வது நியாயமான பயன்பாடாயினும் குற்றம் குற்றமே. ஒரு விரிவுரையாளர் எட்டுப் படங்களிலிருந்து எட்டுக் காட்சிகளைத் தொகுத்து ஒப்பிட விரும்பினால், அவற்றைக் காட்டும் உரிமை அவருக்கு உண்டு. தொகுக்கும் வழி இல்லை. தட்டை மாற்றி மாற்றி இட்டு, தாண்டவியலாத விளம்பரங்களையும் எச்சரிக்கைகளையும் மாணவரோடு சேர்ந்து பார்த்திருக்கவேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை விலக்குகளை வழங்கும் நடைமுறை அச்சட்டத்தில் இருந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் பீற்றர் டெச்சேர்னியும் அவருடைய சகபாடிகள் இருவரும் விண்ணப்பித்ததன் பயனாக, 2006 நவம்பரில் அத்தகைய விலக்கு முதன்முறையாகக் கிடைத்தது. அது திரைப்பட, ஊடகத் துறைப் பேராசிரியருக்கு மட்டுமே, அதுவும் அத்துறையின் நூலகத்திலுள்ள படங்களுக்கு மட்டுமே உரியது. வரலாற்று விரிவுரையாளரும் மொழி விரிவுரையாளரும் வெளியிலே நின்றனர். விலக்கை விரிவாக்குவது பற்றி 2009இல் நடந்த விசாரணையில் திரைப்படச் சங்கத்தார் ஒரு மாற்றுவழியைச் செய்துகாட்டினர். தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒரு வீடியோ கமராவை நிறுத்தி, திரையில் ஓடும் படத்தை அதனாற் பதிவுசெய்வதே அவ்வழி! கொட்டகையில் அவ்வாறு செய்பவரைச் சிறைக்கு அனுப்பவேண்டும் என்று வாதாடிய அதே சங்கம், பேராசிரியருக்கு அதனைச் சிபாரிசு செய்தது. ஒளியமைப்பையும் வண்ணத்தையும் கற்பிப்பவர் மங்கிய நகலைக் காட்டிக் கற்பிக்கவேண்டும் என்பது, ஓவிய விரிவுரையாளரிடம் ஓவியத்தின் கரிப் பிரதியைக் கொடுப்பது போன்றது. 2010இல் விலக்கு எல்லாத் துறைப் பல்கலைக்கழகப் பேராசிரியருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆயினும் அது மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவேண்டியதாகவே இருந்துவருகின்றது.

'நேருக்கு நேர்' என்ற சொற்றொடரின் பலவீனம் தொலைக்கல்வி வந்ததும் வெளிப்பட்டது. 2002 நவம்பரில் இயற்றப்பட்ட ரீச் சட்டம், வலையமைப்பின் மூலம் மாணவருக்கு அனுப்பும் படம் "நியாயமான, வரையறுக்கப்பட்ட பகுதி"யாக இருக்கவேண்டும் என்றது. மண்டபத்திலே முழுப் படமும் காட்டலாம். அதே மாணவன் தன் அறையிலிருந்து பார்த்தால் பகுதியைத்தான் பார்க்கலாம். லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் டிவிடி தட்டுகளை எண்மிய வடிவுக்கு மாற்றி, பாடநெறி மாணவருக்கு மாத்திரம் கடவுச்சொல்லோடு காட்டிவந்தது. கல்விப்பட விற்பனையாளர் சங்கம் முறைப்பட்டதும் 2010 சனவரியில் அதனை நிறுத்தியது. பின்னர் தனக்கு உரிமையுண்டு என்ற நிலைப்பாட்டுடன் அவ்வாண்டு மார்ச்சில் மீண்டும் தொடங்கியது. பீபீசியின் சேக்ஸ்பியர் நாடகப் படங்களை விற்கும் அம்புரோஸ் நிறுவனமும் அச்சங்கமும் தொடுத்த வழக்கு 2011இலும், திருத்தப்பட்ட வடிவில் 2012இலும் தள்ளுபடியாயிற்று. ஆனால் அத்தள்ளுபடி பெரும்பாலும் அரச பல்கலைக்கழகத்துக்குள்ள வழக்கு விலக்குரிமையையும், சங்கத்துக்கு வழக்காடும் தகுதியின்மையையும் ஆதாரமாகக் கொண்டது. மாணவன் அறையிலிருந்து முழுப் படம் பார்க்கலாமா என்ற மூல வினாவுக்கு நேரடியான விடை அதிற் கிடைக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கைப் புலமைச் சொத்துச் சட்டம், நியாயமான பயன்பாடு பற்றிய தனது பிரிவில் அமெரிக்கச் சட்டத்தின் வாசகத்தை நெருங்கிப் பின்பற்றுகின்றமையால், இவ்விடையின்மை இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் அந்நியமானதன்று.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் அமெரிக்கக் கல்லூரிகள் மூடப்பட்டபோது, 110ஆம் பிரிவு காத்துநின்ற வகுப்பறைகள் ஒரே வாரத்தில் வெறுமையாயின. நெருக்கடிக் காலத் தொலைக்கற்பித்தலை நியாயமான பயன்பாட்டுக் கோட்பாடு தாங்கும் என்று பதிப்புரிமை நிபுணர் பலர் கூட்டாக அறிக்கை வெளியிட்டனர். அதனை நம்பிச் சில விரிவுரையாளர் துணிந்து காட்டினர். வேறு சிலர் மாணவரைத் தம் சொந்தப் பணத்தில் சந்தா கட்டிப் பார்க்கச் செய்தனர்.

இதற்கிடையே, தட்டாகவோ நாடாவாகவோ விற்பனைக்கு வராமல், சந்தாத் தளங்களில் மாத்திரம் வெளியாகும் படங்கள் பெருகிவந்தன. அவற்றைத் தனியாளன்றி நிறுவனம் சந்தா பெற்றுப் பார்க்கவியலாது. அத்தனியாளும் வீட்டுக்கு வெளியே காட்டுவதில்லை என்று ஒப்பந்தத்துக்கு உடன்பட்டே உள்ளே நுழைகின்றார். நெற்ஃபிளிக்ஸ் தன்னுடைய ஆவணப்படங்கள் சிலவற்றை மட்டும் கல்விக்காக ஒருமுறை காட்ட இசைவளித்து, எவ்வெவை என்பதைத் தானே அறிவித்தது. 1976ஆம் ஆண்டின் பிரிவு மாற்றமின்றி அப்படியே இருக்கின்றது. ஆனால் 1935இல் ஐரிஸ் பாரி ஹொலிவூட்டுக்குப் புகைவண்டி ஏறிய காலத்தைப் போலவே, படம் மீண்டும் அதன் உரிமையாளரின் களஞ்சியத்தில் இருக்கின்றது. ஆசிரியரின் மேசையில் இல்லை.